தூக்கோ ஊசியோ: கண்ணை மூடுறது ஆருக்காக?

2015 மே மாதம் புங்குடுதீவில பள்ளிக்கூடம் போன பிள்ளையை நாசமாக்கிக் கொலை செய்த நேரம் யாழ்ப்பாணம் முழுக்கக் கொதிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கடையெல்லாம் பூட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையள் றோட்டில, கோட்ஸுக்குக் கல்லெறி. எங்கட சந்தித் தேத்தண்ணிக் கடையில அண்டைக்குக் கதைச்ச கதையள் இப்பவும் என்ர காதுக்குள்ள கிடக்கு. ஒராள் சொல்லுறார் தூக்கெல்லாம் காணாது, சுகமாப் போயிடுவாங்கள், அந்தக்காலம் மாதிரிக் கழுவில ஏத்த வேணும் எண்டு. பக்கத்தில இருந்த ரிட்டயர் ஆன மாஸ்டர் ஒருத்தர், "இல்லைத் தம்பி, அமெரிக்காவில ஊசி போடுறாங்கள், நித்திரை மாதிரி, நோவே தெரியாதாம், நாகரிகமான நாடுகள் அப்பிடித்தான் செய்யுது" எண்டார். நான் ஒண்டும் கதைக்கேல்லை. எனக்கு அண்டைக்கு இருந்த கோவத்தில கழுமரம் எண்டு சொன்ன ஆள் பிழையாத் தெரியவும் இல்லை, அதை ஒளிக்கிறதில பிரயோசனம் இல்லை.

2017 செப்டெம்பர் 27ஆம் திகதி அந்த வழக்கில, யாழ்ப்பாணத்தில ட்ரயல் அட் பார், அதாவது ஜூரி இல்லாமல் மூண்டு நீதிபதியள் சேந்து விசாரிச்ச நீதிமன்றம், ஏழு பேருக்கு மரண தண்டனை குடுத்தது. எங்கட பக்கத்து நீதிமன்றங்களில மரண தண்டனை வாசிக்கேக்க லைட்டை நூத்துப்போட்டு, எல்லாரையும் எழும்பி நிக்கச் சொல்லிப்போட்டுத்தான் வாசிக்கிறவை எண்டு பேப்பர்களில கனதரம் வாசிச்சிருக்கிறன், வாசிச்சு முடிய நீதிபதி பேனையை முறிச்சுப் போடுறதும் உண்டு. பட்டப்பகலில ஏன் லைட்டை நூக்கினம்? இந்தக் கேள்வி எனக்குள்ள கன நாளாக் கிடந்து பிறகு வேற கன இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, அதைத்தான் எழுதப்போறன். மரண தண்டனை வேணுமோ வேண்டாமோ எண்டது வேற பெரிய கதை. நான் பாக்கப்போறது கொல்லுற விதத்தை. எது கொடூரம், எது மனிதாபிமானம் எண்டு சொல்லுறாங்கள், அந்த மனிதாபிமானம் ஆருக்குப் போய்ச் சேருது எண்டதை.

எனக்கு ஏழு வயசிருக்கும், 86, 87 காலம். அப்பா என்னைச் சைக்கிள் பாரில இருத்திக்கொண்டு போறார், ஒரு சந்திக்குக் கிட்ட வரேக்க உழக்கிறதை விடாமலே ஒரு கையால என்ர கண்ணைப் பொத்தினவர். கையில செயின் எண்ணெய் மணம். விரலுக்குள்ளால எனக்குத் தெரிஞ்சது ஒரு சாரத்தின்ர கரையும், கழுத்தில தொங்கின மட்டையும், ஒரு காலில செருப்பு இல்லாததும்தான். மின்கம்பத்தில கட்டியிருந்தது. அந்தக் காலம் இஞ்ச இருந்த எல்லாருக்கும் மின்கம்பத் தண்டனை எண்டா என்னெண்டு தெரியும், சமூக விரோதி, துரோகி எண்டு எழுதித் தொங்கவிட்டிடுவினம், ஒண்டுக்கு மேற்பட்ட இயக்கங்கள் செய்தவை, சனமும் விடிய எழும்பிப் போய்ப் பாத்தது. அது சனம் பாக்கிறதுக்கெண்டே செய்த கொலை.

உலகம் முழுக்கப் பழைய தண்டனையள் அப்பிடித்தான். கழுமரத்தைச் சந்தியிலதான் நட்டவை, காட்டுக்குள்ள இல்லை. கண்டி ராச்சியத்தில யானையை விட்டு மிதிக்க வைக்கிறதை அங்க இருபது வருசத்துக்குக் கிட்டக் கைதியா இருந்த ரொபேட் நொக்ஸ் எழுதி வைச்சிருக்கிறார். 1814இல கண்டி ராசாவுக்கு எதிராப் போன அதிகாரி எகலப்பொலவின்ர குடும்பத்துக்கு நடந்தது இலங்கையில படிச்ச எல்லாப் பிள்ளையளுக்கும் தெரியும், தாய்க்கு முன்னாலயே பிள்ளையளின்ர தலையை வெட்டி, அதை உரலில போட்டு இடிக்கச் சொன்னது எண்டு. வெள்ளைக்காரன் அதைத் தன்ர பிரசாரத்துக்கு நல்லாப் பாவிச்சவன், அவன்ர நாட்டிலயே சனக்கூட்டத்துக்கு முன்னால தூக்கில போடுறது 1868இலதான் நிண்டது.

பிரான்சில இருந்துதான் மற்றக் கதை தொடங்குது. 1789இல ஜோசப் கியோத்தன் எண்ட டொக்டர் சபையில எழும்பி, ஏழையைச் சக்கரத்தில கட்டி முறிக்கிறதும் பிரபுவுக்கு மட்டும் வாளால வெட்டுறதும் சரியில்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரு மெசினால, நோகாமல் செய்ய வேணும் எண்டவர். அந்த மனிசன் மரண தண்டனைக்கே எதிரான ஆள், ஆனா இண்டைவரைக்கும் அந்தத் தலைவெட்டுற மெசினுக்கு அவற்ற பேர், கில்லட்டின். முதல் தலை 1792 ஏப்ரல் 25ஆம் திகதி விழுந்தது, கடைசித் தலை 1977 செப்டெம்பரில மார்செய் மறியலில. உண்மையில வேகம் எண்டு பாத்தா அதை அடிக்க இன்னொண்டு வரேல்லை. 2017 ஒக்டோபரில யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் கோயில் வேள்வியில ஆடு வெட்டுறதைத் தடை செய்தது, அந்த நேரமும் எங்கட ஊரில கனபேர் சொன்ன நியாயம் இதேதான், ஒரே வெட்டில போனா ஆட்டுக்கு நோகாது எண்டு. ஆனா பிரான்சு இந்த மெசினை 1939இல சனத்தின்ர கண்ணில இருந்து மறைச்சு மறியலுக்குள்ள கொண்டுபோனது. அந்த வருசம் வெர்சாயில ஒருத்தனை வெட்டேக்க கூட்டம் கூடி, படம் பிடிச்சு, பேப்பரில போட்டு, அரசாங்கத்துக்கு வெக்கக்கேடாப் போச்சு. வெட்டுறதை நிப்பாட்ட 1981 மட்டும் காத்திருக்க வேண்டி வந்தது, மறைக்கிறதுக்கு ஒரு படம் காணும்.

எங்கட சட்டத்தில இருக்கிறது கயிறு. அதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும், ஏனெண்டா தூக்கெண்டா டக்கெண்டு கழுத்து முறிஞ்சு போயிடும் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். பழைய தூக்கு அப்பிடி இல்லை, கட்டையான கயிறு, கீழ இருக்கிற ஏணியையோ வண்டிலையோ இழுத்து விடுவாங்கள், ஆள் பத்து இருபது நிமிசம் துடிச்சுத்தான் மூச்சடங்கும், சொந்தக்காரர் ஓடிப்போய்க் காலைப் பிடிச்சு இழுக்கிறது, கெதியா முடியட்டும் எண்டு. 1872இல வில்லியம் மார்வுட் எண்ட இங்கிலாந்துக்காரன்தான் ஆளை உயரத்தில இருந்து விழ வைச்சா அந்த விசையில கழுத்து முறியும் எண்டு செய்து காட்டினவன். அதில இருந்து எல்லாம் கணக்கு. ஆளின்ர நிறை எவ்வளவு, அதுக்கு எத்தனை அடி கயிறு. நீளம் குறைஞ்சா மூச்சுத் திணறிச் சாவான், கூடினாத் தலை கழண்டிடும். 1885இல நொரிச் நகரத்தில ஒருத்தருக்கு அப்பிடித் தலையே கழண்டது, பிறகுதான் அரசாங்கம் கமிட்டி போட்டு அட்டவணை போட்டது.

அந்த அட்டவணையைப் பாத்தா எனக்கு வயித்தைப் பிரட்டுது. 140 இறாத்தல் நிறையுள்ள ஒராளை எடுங்கோ, 63, 64 கிலோ, என்ர நிறையும் கிட்டத்தட்ட அதுதான். 1888ஆம் ஆண்டு அட்டவணைப்படி அவர் 9 அடி விழ வேணும். 1892இல வந்த அட்டவணைப்படி 6 அடி. 1913இல திருப்பி மாத்தி 7 அடிக்குக் கொஞ்சம் மேல எண்டாங்கள். ஒரே உடம்பு, ஒரே கழுத்து, 25 வருசத்துக்குள்ள மூண்டு கணக்கு, ஒவ்வொண்டும் வரேக்க இதுதான் சரியானது எண்டுதான் வந்தது. இடையில பிழைச்ச கணக்கெல்லாம் ஆரின்ரயோ கழுத்தில பாத்துத்தான் பிழையெண்டு கண்டுபிடிச்சது. பிறகு ஒரு காலம் பிரித்தானியாவில தூக்கில போட்ட 34 பேரின்ர எலும்புகளை எடுத்துப் பாத்த ஆய்வில, புத்தகத்தில எழுதியிருக்கிற மாதிரிக் கழுத்து முறிஞ்சது கொஞ்சப் பேருக்குத்தான். 2007 ஜனவரியில பக்தாத்தில சதாம் உசேனின்ர தாய்வழிச் சகோதரன் பர்சானைத் தூக்கில போடேக்கயும் தலை கழண்டது, கணக்குத் தெரிஞ்ச காலத்தில.

முகத்துக்குத் துணிப்பை போடுறதை யோசிச்சுப் பாருங்கோ. சாகப்போறவன் பயப்பிடாமல் இருக்கத்தான் எண்டு சொல்லுவினம். இருட்டுக்குள்ள, கை பின்னுக்குக் கட்டியிருக்க, காலுக்குக் கீழ எப்ப பலகை போகும் எண்டு தெரியாமல் நிக்கிறவனுக்கு அந்தத் துணி என்ன ஆறுதல் குடுக்கும்? முகம் மாறுறதைப் பாக்காமல் இருக்க வேண்டியது சுத்தி நிக்கிற ஆக்கள்.

அந்தச் சுத்தி நிக்கிற ஆக்களையும் நான் குறைச்சுச் சொல்லேல்லை. எங்கட நாட்டில கடைசியாத் தூக்கில போட்டது 1976 ஜூன் 23. அதுக்குப் பிறகு அலுகோசு, அதாவது தூக்கில போடுறவர், எண்ட வேலை மட்டும் இருக்கு, ஆள் நிக்கிறேல்லை. 2014இல எடுத்த ஒராள் தூக்குமேடையைக் கொண்டுபோய்க் காட்டினவுடன பயந்துபோய் வேலையை விட்டிட்டார், கொல்ல ஆளும் இல்லை, கயிறும் கட்டேல்லை, வெறும் மரமும் பலகையும்தான் பாத்தவர். 2019இல அப்ப ஜனாதிபதியா இருந்த சிறிசேன போதைவஸ்துக்காரரைத் தூக்கில போடுவன் எண்டு நிண்ட நேரம் திருப்பிப் பேப்பரில விளம்பரம் போட்டவை, 18 வயசில இருந்து 45 வயசுக்குள்ள ஆம்பிளை, நல்ல ஒழுக்கம், மனோதிடம் வேணும் எண்டு, நூறு பேருக்கு மேல விண்ணப்பிச்சவை. அந்த வருசம் ஜூனில நாலு பேருக்கு அவர் கையெழுத்தும் வைச்சார், உயர் நீதிமன்றம் தடை போட்டதால நிண்டது. ஜப்பானில பலகையைத் திறக்க மூண்டு பட்டன், மூண்டு அதிகாரியள் ஒரே நேரத்தில அமத்துவினம், எது வேலை செய்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அமெரிக்காவில யூட்டா மாநிலத்தில சுட்டுக் கொல்லேக்க ஒரு துவக்கில வெத்துத் தோட்டா. இதெல்லாம் கொல்லுறவன் ராத்திரி நித்திரை கொள்ளுறதுக்கெண்டு யோசிச்சுச் செய்தது. அதில எனக்கு ஒரு இரக்கம் இருக்கு, ஆனா சாகிறவனுக்கு இதில ஒரு சதத்துக்கும் பலன் இல்லை.

கரண்டுக் கதிரையையும் நச்சுவாயுவையும் சுருக்கமாச் சொல்லிப்போட்டுப் போறன். கயிறு காட்டுமிராண்டித்தனம், கரண்ட் எண்டா விஞ்ஞானம், ஒரு நொடியில முடியும் எண்டு சொல்லித்தான் 1890 ஓகஸ்ட் 6ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தில வில்லியம் கெம்லர் எண்டவரைக் கதிரையில இருத்தினது. 17 செக்கன் பாய்ச்சி, செத்திட்டார் எண்டு சொன்ன பிறகு மூச்சு விட்டார், திருப்பிப் பாய்ச்ச வேண்டி வந்தது. 1924இல நெவாடாவில சயனைட் வாயு வந்தது, அதையும் மனிதாபிமானம் எண்டுதான் கொண்டுவந்தவை.

இப்ப மாஸ்டர் சொன்ன ஊசிக்கு வருவம். 1977இல ஒக்லஹோமாவில யோசிச்சு, 1982 டிசம்பரில டெக்சாஸில முதல் பாவிச்சது. மூண்டு மருந்து. முதலாவது மயக்க மருந்து, தயோபென்ரல். மூண்டாவது பொட்டாசியம் குளோரைட், இருதயத்தை நிப்பாட்டுறது, மயக்கம் இல்லாமல் அதை ஏத்தினா நரம்பு முழுக்க நெருப்பா எரியும் எண்டு டொக்டர்மார் சொல்லுவினம். நடுவில உள்ள இரண்டாவதைத்தான் நல்லாப் பாக்க வேணும், பான்குரோனியம், அது தசை எல்லாத்தையும் செயலிழக்கச் செய்யும், நோவைக் குறைக்காது, மயக்காது, ஆளை அசையவிடாமலும் முகத்தைச் சுழிக்கவிடாமலும் கத்தவிடாமலும் செய்யும், மூச்சையும் நிப்பாட்டும். மற்ற இரண்டும் சரியா வேலை செய்தா அது தேவையே இல்லை. முதலாவது பிழைச்சா, ஆள் முழிப்பா இருந்து, மூச்சு முட்டி, உடம்பு எரிஞ்சு சாகேக்க கண்ணாடிக்கு இஞ்சால நிக்கிற ஆக்களுக்கு அவர் நித்திரை கொள்ளுற மாதிரித்தான் தெரியும். அமெரிக்காவில பல மாநிலங்களில நாய் பூனையைக் கருணைக்கொலை செய்யேக்க இந்த வகை மருந்தைப் பாவிக்கக்கூடாது எண்டு இருக்கு, நாய் நோவைக் காட்ட ஏலாமல் போயிடும் எண்டதுக்காக. அதை வாசிச்ச அண்டைக்கு நான் சோத்துக் கோப்பையை மூடி வைச்சிட்டு எழும்பிட்டன்.

2011இல அந்த மயக்க மருந்தைச் செய்த கொம்பனி செய்யிறதை நிப்பாட்டிச்சு, ஐரோப்பாவும் ஏத்துமதியைக் கட்டுப்படுத்திச்சு, உடன மாநிலங்கள் வேற வேற மருந்தை எடுத்துப் பாக்கத் தொடங்கினவை. 2014 ஏப்ரல் 29, ஒக்லஹோமாவில கிளேட்டன் லொக்கெட். நரம்பு கிடைக்கேல்லை எண்டு தொடை இடுக்கில ஊசி குத்தி அதைத் துணியால மூடிவிட்டாச்சு, மருந்து நரம்புக்குப் போகாமல் சதைக்குள்ள போனதை ஒருத்தரும் காணேல்லை, மயங்கிட்டார் எண்டு சொன்ன பிறகு ஆள் தலையைத் தூக்கி முனகிறார், கதைக்கப் பாக்கிறார். அப்ப செய்த முதல் வேலை, பாத்துக்கொண்டிருந்த ஆக்களுக்கு முன்னால திரையை இறக்கினதுதான். தொடங்கி 43 நிமிசத்தில செத்தார். அதே வருசம் ஜூலையில அரிசோனாவில ஜோசப் வூட்டுக்கு 15 தரம் மருந்து ஏத்தி, இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போனது. அலபாமாவில கென்னத் ஸ்மித்துக்கு 2022இல நரம்பு தேடித் தேடிக் குத்தியும் ஏலாமல் திருப்பிக் கொண்டுபோய் மறியலில விட்டு, 2024 ஜனவரி 25ஆம் திகதி முகமூடி போட்டு நைதரசன் குடுத்துக் கொலை செய்தவை. நைதரசன் எண்டா ஒண்டும் தெரியாமல் செக்கன் கணக்கில மயக்கம் வரும் எண்டவை, ஆள் கட்டிலில நிமிசக்கணக்கா உதறினதைப் பாத்த ஆக்கள் சொல்லியிருக்கினம்.

1890இல இருந்து 2010 வரைக்கும் அமெரிக்காவில நடந்த 8,776 மரண தண்டனையை எடுத்துப் பாத்த ஒரு ஆய்வு இருக்கு. பிழையாப் போனது மொத்தமா 3 வீதம். ஊசி மட்டும் எண்டு பாத்தா 7 வீதத்துக்கு மேல, எல்லாத்திலயும் கூட. சுட்டுச் சாகடிச்ச 34 பேரில ஒண்டும் பிழையாப் போகேல்லை. அப்ப நோகக்கூடாது எண்டதுதான் நோக்கமெண்டா எல்லா மாநிலமும் துவக்கைத்தானே எடுத்திருக்க வேணும்? எடுக்கேல்லை, யூட்டாவும் அண்மையில தென் கரோலினாவும் மாதிரிக் கொஞ்ச இடம்தான். காரணம் இரத்தம். துவக்கால சுட்டா அது கொலை மாதிரித் தெரியும், ஊசி எண்டா ஆஸ்பத்திரி மாதிரித் தெரியும். என்ர அப்பா என்ர கண்ணைப் பொத்தினது ஒரு பிள்ளைக்காக. இவங்கள் வளந்த ஒரு நாட்டின்ர கண்ணையே பொத்துறாங்கள்.

இந்த இடத்தில எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் கேப்பினம், செத்த சனத்தை நினைச்சுப் பாத்தனியோ, அதுகளுக்கு ஆர் நோகாமல் பாத்தவை எண்டு. நியாயமான கேள்வி. 2000 டிசம்பரில மிருசுவிலில தங்கட வீடு வளவைப் பாக்கப் போன எட்டுச் சனத்தை, அதில ஐஞ்சு வயசுப் பிள்ளையும், கழுத்தை வெட்டி மலசலகூடக் குழிக்குள்ள போட்டவை. தப்பி வந்த ஒராளால வெளிய தெரிஞ்சு, 2015 ஜூனில ஒரு இராணுவக்காரருக்கு மரண தண்டனை குடுத்து, 2019இல உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்து, 2020 மார்ச்சில, கொரோனா ஊரடங்குக்குள்ள, ஜனாதிபதி பொதுமன்னிப்புக் குடுத்து வெளிய விட்டவர். அந்தச் செய்தி வந்த ராத்திரி நான் நித்திரை கொள்ளேல்லை, இவனைத் தூக்கில போட்டிருக்கலாம் எண்டு வாய்விட்டுச் சொன்னனான், மனுசி பக்கத்தில இருந்து கேட்டவ. அந்தக் கோவம் இப்பவும் இருக்கு. ஆனா கோவம் இருக்கெண்டதுக்காக ஊசி நித்திரை மாதிரி எண்ட பொய்யை நான் நம்ப வேண்டியதில்லை. கொல்லத்தான் வேணும் எண்டு நினைக்கிற ஆக்கள் அது எப்பிடி நடக்குது எண்டதைக் கண்ணைத் திறந்து பாத்துப்போட்டுச் சொல்லட்டும், நானும் உட்பட.

இன்னொண்டும் இருக்கு. இவ்வளவு நேரமும் கடைசி நிமிசங்களைத்தான் கதைச்சனான். ஆனா மரண தண்டனை அந்த நிமிசத்தில தொடங்கிறேல்லை. 1993இல ஜமேக்கா வழக்கொண்டில, அந்த நாட்டுக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், தீர்ப்புக் குடுத்து ஐஞ்சு வருசத்துக்கு மேல ஒருத்தனைக் காக்க வைச்சுத் தூக்கில போடுறது மனிசத்தன்மை இல்லாத தண்டனையாத்தான் இருக்கும் எண்டு சொன்னது. ஜப்பானில எண்டைக்கு எண்டு முதலே சொல்ல மாட்டினம், அண்டைக்குக் காலமை கதவைத் திறந்துதான் சொல்லுவினம், அப்ப ஒவ்வொரு நாளும் காலமை சப்பாத்துச் சத்தம் கேட்டாச் சாவு வந்திட்டுதோ எண்டுதான் இருக்கும், அதுவும் வருசக்கணக்கா. மூதூரில இருந்து வறுமைக்குச் சவூதிக்குப் போன றிசானா நபீக்கை 2013 ஜனவரி 9ஆம் திகதி வாளால வெட்டினவை. வாள் வேகமானதுதான். 2005இல மறியலுக்குப் போன பிள்ளை, பாஸ்போட்டில வயசைக் கூட்டிப் போட்டு அனுப்பின பிள்ளை, பாசை தெரியாது, ஏழு வருசத்துக்கு மேல அந்த வாளுக்குக் காத்திருந்தது. எங்கட உடுப்பிட்டிச் சாந்தன், ராஜீவ் காந்தி வழக்கில தூக்கு, 2011 செப்டெம்பர் 9 எண்டு திகதியும் குறிச்சு, தடை வந்து, 2014இல தாமதத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் ஆயுளாக் குறைச்சு, 2022 நவம்பரில விடுதலையாகியும் ஊருக்கு வர விடாமல் முகாமில வைச்சிருந்து, 2024 பெப்ரவரி 28 சென்னை ஆஸ்பத்திரியில செத்துப் பெட்டியில வந்தார். கயிறு அவற்ற கழுத்தில படவே இல்லை. தாய் பாக்க வேணும் எண்டு கேட்டுக்கொண்டிருந்தது எல்லாப் பேப்பரிலயும் வந்தது.

சரி, கணக்கு எல்லாம் திறமாச் செய்யிற ஒரு இடத்தை எடுப்பம். சிங்கப்பூர். அங்க கயிறு பிழைச்சது எண்டு கதை வாறேல்லை, வெள்ளைக்காரன் விட்டிட்டுப்போன முறை, விடியப்புறம், சாங்கி மறியல். மலேசியத் தமிழ்ப் பெடியன் நாகேந்திரன், 42.72 கிராம் ஹெரோயின், ஐக்கியூ 69 எண்டு சோதிச்ச டொக்டர் சொன்னவர், பத்து வருசத்துக்கு மேல காத்திருந்தவன். 2022 ஏப்ரல் 26ஆம் திகதி கடைசி மனுவையும் கோட்ஸ் தள்ளிச்சு. குடும்பத்தின்ர கையைப் பிடிக்க விடுங்கோ எண்டு கேட்டான். கூண்டுக்கும் தாய்க்கும் இடையில கண்ணாடி, அதில ஒரு சின்ன இடைவெளி, அதுக்குள்ளால கையை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு "மா" எண்டு அவன் கத்தினது கோட்ஸ் முழுக்கக் கேட்டதாம். அடுத்தநாள் விடியத் தூக்கில போட்டாச்சு.